அடிக்கு ஒரு அங்குலம்

ஊதுபத்திக் குச்சிதான் மூங்கில்.
மாவைச் சுரண்டி, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு
காலையில் பிளேடால் இரண்டாகக் கிழித்தால் வளைகிறது,
மனது வைத்தால்.
இல்லாவிட்டால் பட்டென்று.
நூற்றுப் பத்தில் நாற்பது அப்படிப் போயின.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செல்போன் பழுது பார்க்கிறவன் நான்.
ஸ்க்ரீன் மாற்ற வந்த பல் டாக்டர் சுகந்தி
மேசையில் கிடந்த பாதிக் கூடையைப் பார்த்து
பரிசல்தானே என்றார்.
தர்மபுரியில் புதுக் கிளினிக், வரவேற்பறைக்கு ஒன்று.
"பழசாத் தெரியணும்.
ஆனா அழுக்கா இருக்கக் கூடாது."
அந்த வாக்கியத்தோடு மூன்று வாரம் குடித்தனம் செய்தேன்.

தண்ணீர் ஏறி, பரிசலுக்குத் தடை போட்டிருந்த நாட்கள்.
ஊட்டமலைக் கரையில் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.
மாதையனின் இருநூற்றுப் பதினேழை
நூல் பிடித்து அளந்தேன். குறுக்கே எட்டடி.
அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு
"எதுக்கு, சட்டை தைக்கவா?" என்றார்.

உர மூட்டையை ஒட்டிப் பார்த்தேன்;
இந்த அளவுக்கு அதன் இழை தாம்புக்கயிறு.
கிழிந்த குடைத்துணி சரிப்பட்டது.
ரோட்டுக்கு ஒட்டுப் போட்டவர்களிடம்
ஊறுகாய் பாட்டிலில் வாங்கிய தார்,
சிப் கழற்றும் சூடான காற்றில் இளகி
கடை முழுக்க நாறி
பக்கத்து ஜூஸ் கடைக்காரர் இரண்டு நாள் பேசவில்லை.

பழசாக்குவதுதான் வேலை.
எங்கே தேயும் என்று தெரியாமல்
டீ டிக்காஷனை மேலெல்லாம் பூசி
ஒன்றைக் கெடுத்தேன். அது பழசாகவில்லை,
சீக்காளியாக இருந்தது.
மறுபடி போய், கவிழ்ந்ததைச் சுற்றிக் குந்தி
வெகுநேரம் பார்த்தேன்.
அடி நரைத்திருந்தது, பாறை உரசி.
ஓரிடத்தில் மட்டும் குழி: மாதையனின் இடது முழங்கால்.
விளிம்போ கறுக்கவேயில்லை, பளபளத்தது.
பயந்தவர்கள் பிடிக்கிற இடம்.
அத்தனை பயத்துக்கு நான் எங்கே போக?
நெற்றி எண்ணெயை விரலில் வழித்து
ஒரு வாரம் தேய்த்தேன்,
வாடிக்கையாளர் திட்டும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம்.

அடியில் மூன்று ஒட்டுகள்.
மூன்றாவது, யாரோ வீட்டுக் காதுகுத்து பேனர்.
குழந்தையின் ஒரு கண் மட்டும்
தாருக்கு வெளியே விழித்திருந்தது.
அந்த அளவில் கண் எங்கே கிடைக்கும்?
என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவிலிருந்து
இடது கண்ணை வெட்டி ஒட்டினேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள்
தடைநாளில் கிடந்தது போலவே கவிழ்த்து வைத்தேன்.
ஆமை மாதிரி இருக்கிறது என்று
டாக்டர் நிமிர்த்திவிட்டார். உள்ளே குட்டித் துடுப்பு,
மேலே சின்ன விளக்கு.
கீழே, நீல வெல்வெட்டில் முகம் புதைத்து
என் கண்.

மாசியில் மாதையனுக்குக் கடைவாய்ப் பல்.
தங்கிப்போன வீக்கத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு
டோக்கனோடு உட்கார்ந்தவர்
பெட்டியைப் பார்த்துவிட்டார்.
பொங்கலுக்கே அவர் பரிசலுக்குப் புதுத் தோல் போட்டாயிற்று,
ஒட்டும் இல்லை, குழியும் இல்லை.
பழைய இருநூற்றுப் பதினேழு
இப்போது இங்கே மட்டும்தான், எட்டு அங்குலம்.

நர்ஸ் ஃபிலோமினா சார்ஜர் வாங்க வந்தபோது சொன்னது:
வாயைத் திறக்க முடியாதவர்
சைகையாலேயே பெட்டியைத் திறக்க வைத்தாராம்.
எடுத்து மோந்தாராம். சந்தன வாசம்.
ஆற்றில் இது கிடையாது என்பது போலத் தலையாட்டினாராம்.
பிறகு அடியைத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டி,
துண்டுக்குள்ளிருந்து,
"இது பிள்ளைக் கண் இல்லையே."

அதற்குள் அவர் நம்பரைக் கூப்பிட
திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார்,
கவிழ்த்து.
கை பழக்கம்.